அறுபதில் மலைச் சைக்கிள்: பழசைத் தேற்றுவதா, புதுசு எடுப்பதா?

நம் வயதுக்காரர்கள் புது மலைச் சைக்கிள் தேடுவதற்குச் சொல்லும் காரணம் அனேகமாக ஒன்றுதான். "ஏத்தத்துல மூச்சு வாங்குது, லேசான வண்டியா பார்த்து எடுக்கணும்." இந்தக் காரணத்துக்காக மட்டும் வாங்கினால் காசு செலவானதுதான் மிச்சம். புது வண்டி உங்களைச் சுலபமாக மேலே ஏற்றிவிடாது. பத்திரமாகக் கீழே இறக்கிவிடும். அறுபதுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். ஏற்றத்தில் முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இறக்கத்தில் விழுந்து மணிக்கட்டோ இடுப்போ உடைந்தால் அப்புறம் சைக்கிளே கிடையாது.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். கிருஷ்ணகிரியில் வீடு, வயது 61, எடை 62 கிலோ. அணையின் கால்வாய்க் கரை, மாந்தோப்புகளுக்கு நடுவில் போகும் வண்டிப்பாதை, ராயக்கோட்டைப் பக்கத்துச் சரளைக் காடு, எப்போதாவது தருமபுரி வத்தல்மலை ரோடு என்று ஓட்டுபவன். செயினும் டேப்பும் பிடித்த கை என்பதால் கடைக்காரர் சொல்வதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். கீழே இருப்பதெல்லாம் அப்படி அளந்து பார்த்த சங்கதிகள்.

முதலில் உடம்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச வருடம் விட்டுவிட்டு மறுபடி ஓட்டப் போகிறீர்கள் என்றால் நடைப்பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிஎம்டி டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை நம்பி ஓட்டக் கூடாது, அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் நல்ல அளவு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் கடலை மிட்டாயோடு குளுக்கோஸும் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரே கண்ணாடியில் மேலே தூரம், கீழே கிட்டம் என்று இருக்கும் பைஃபோக்கல், புரோகிரஸிவ் வகைகளைப் போட்டுக்கொண்டு இறக்கத்தில் போனால் முன்சக்கரத்துக்கு எதிரே இருக்கிற தரை படிக்கிற பாகம் வழியாகத் தெரியும், அதாவது மங்கலாகத் தெரியும். கல் எது, நிழல் எது என்று பிடிபடாது. சைக்கிளுக்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி மட்டும் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். புது வண்டிக்கு ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக்கூட வராது.

ஏற்றத்துக் கணக்கு

பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பல்லின் எண்ணிக்கையைப் பின்பல்லின் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்று வரும். சின்ன எண் என்றால் கால் வலிக்காமல் ஏறலாம்.

என் பழைய வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 22, பின்னால் பெரியது 32. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு ஏறக்குறைய 2.07 மீட்டர். கணக்குப் போட்டால் 1.42 மீட்டர். இப்போது கடையில் நிற்கும் வண்டிகளுக்கு முன்னால் ஒரே பல்சக்கரம்தான், பெரும்பாலும் 32 பல். சக்கரம் 29 அங்குலம், சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். பின்னால் 51 பல் வரை போகும் 12 கியர் வண்டி என்றால் 1.44 மீட்டர். பழசும் புதுசும் ஒன்றுதான்! விலை குறைந்த வண்டிகளில் பின்னால் 42 பல்லோடு நின்றுவிடும். அதற்கு 1.75 மீட்டர். முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்த உங்கள் பழைய வண்டியைவிட ஏற்றத்தில் அது ஏறக்குறைய கால்வாசி பாரம் கூடுதல். "புது மாடல் சார், ஒரே செயின்ரிங், சிம்பிள்" என்று விற்பனைப் பையன் சொல்லும்போது பின்னால் குனிந்து பல்லை எண்ணுங்கள்.

இதற்கு வழி சின்னது. முன்னால் 32-க்குப் பதில் 30 அல்லது 28 பல் செயின்ரிங் (முன்பல்சக்கரம்) போட்டுத் தரச் சொல்லுங்கள். 51-உடன் 30 சேர்ந்தால் 1.35, 28 சேர்ந்தால் 1.26. தார் ரோட்டில் வேகமாகப் போக கியர் பத்தாது என்பார்கள். பத்தாவிட்டால் போகட்டும், நாம் யாரை முந்தப் போகிறோம்?

எடையிலும் இதே கதைதான். அந்தக் காலத்து நல்ல அலுமினிய வண்டி 13 கிலோ சொச்சம் இருக்கும். இன்றைய 29 அங்குல வண்டி, அகல டயரும் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்து 14-ஐத் தொடும். பின்னாலும் சஸ்பென்ஷன் இருந்தால் 15, 16. எடைக்காகப் பணம் கூடக் கொடுப்பது வீண்.

புது வண்டியில் உண்மையிலேயே மாறியிருப்பது

பழைய வண்டியில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஏறத்தாழ செங்குத்தாக, 71 டிகிரி வாக்கில் நிற்கும். காட்டுப் பாதைக்கென்று வரும் இப்போதைய டிரெயில் வண்டிகளில் 65, 66 டிகிரி. ஐந்து டிகிரியில் என்ன வந்துவிடும் என்று கேட்காதீர்கள். அந்தச் சாய்வில் முன்சக்கரம் உங்களை விட்டு நன்றாக முன்னால் தள்ளிப் போய்விடுகிறது. ஓடைக் கரையில் இறங்கும்போது சக்கரம் ஒரு குழியில் செருகினால், பழைய வண்டி ஹேண்டில் பாருக்கு மேலே உங்களைத் தூக்கி எறியப் பார்க்கும். புதியது குழியை ஏறிக் கடந்துவிடும். 29 அங்குலச் சக்கரமும் இதற்குத் துணை. இந்த 26 அங்குல அளவுக்கு விஞ்ஞானக் காரணம் ஒன்றும் இருந்ததில்லை. 1970-களில் கலிஃபோர்னியாவில் டமால்பாயிஸ் மலையில் பழைய பருமன் டயர் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இறங்கிய இளவட்டங்களுக்குக் கிடைத்த சக்கரம் அது, அப்படியே நிலைத்துவிட்டது.

இந்தச் சாய்வைக் கடையிலேயே அளக்கலாம். வண்டியை நேராக நிறுத்தி, செல்போனில் இருக்கும் லெவல் ஆப்பைத் திறந்து, போனின் ஓரத்தை ஃபோர்க்கின் குழாய்மேல் ஒட்டிப் பிடியுங்கள், டிகிரி வரும். இன்னொரு அளவு 'ரீச்'. பெடல் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில் தலைக் குழாயின் உச்சி வரை படுக்கைவாட்டில் எவ்வளவு என்பது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தலைக் குழாயிலிருந்து தொங்கவிட்டு, நூலிலிருந்து பெடல் அச்சு வரை டேப் பிடித்தால் முடிந்தது. உங்கள் பழைய வண்டியிலும் இதே அளவுகளை எடுத்துக்கொண்டு போனால் ஒப்பிட வசதி.

அடுத்தது டிராப்பர். என்னைக் கேட்டால் நம் வயதுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் சைக்கிளில் வந்ததில்லை. ஹேண்டில் பாரின் இடது பக்கம் கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தால் சீட் ஒரு சாண் கீழே இறங்கும். எழுந்துகொண்டு மறுபடி அழுத்தினால் 'டக்'கென்று மேலே வந்து பழைய உயரத்தில் நிற்கும். இளைஞர்கள் இதை இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்தப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அதோடு இன்னும் இரண்டு லாபம். ஏறும்போது இடுப்பு உயரத்துக்குக் காலைத் தூக்கிச் சீட்டைத் தாண்டிப் போட வேண்டாம். இடுப்பு மூட்டு பிடித்துக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அப்புறம், பாறைச் சரிவில் பாதியில் நிற்க வேண்டி வந்தால் இரண்டு காலும் தரையில் பதியும். நம் ஆட்கள் விழுவது வேகத்தில் குறைவு. நின்ற இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதுதான் அதிகம்.

பிரேக்: ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் ஒரு விரல் போதும். நீண்ட இறக்கத்தில், ரிம்மை ரப்பர் கட்டையால் பிடிக்கும் பழைய வி-பிரேக்கை இறுக்கி இறுக்கி உள்ளங்கை மரத்துப் போகும் தொல்லை ஒழியும். வாங்கும்போது எந்தக் கைக்கு முன்பிரேக் என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய நமக்கு வலது கைதான் முன்பிரேக். சில வண்டிகள் மாறி வரும். அவசரத்தில் மூளை பழைய பழக்கத்தைத்தான் செய்யும், ஆகவே கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆயிலையும் கேட்டு வையுங்கள். ஷிமானோ பிரேக்குகள் மினரல் ஆயிலில் ஓடுபவை, அதை வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். டாட் வகை ஆயில் பைக் ஸ்பேர் கடையிலேயே கிடைக்கும், ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

டயர்தான் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். சீமைக்கருவேல முள் எந்தப் பாதையையும் விட்டுவைப்பதில்லை, வெயில் காலத்தில் நெருஞ்சி வேறு. டியூப்லெஸ் டயரில் சீலன்ட் என்கிற ஓட்டை அடைக்கும் திரவத்தை ஊற்றிவிட்டால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றிவிட்டால் போதும், தானே அடைபடும். டியூப் இல்லாததால் காற்றையும் குறைக்கலாம். என் எடைக்கு 2.4 அங்குல டயரில் முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ வைக்கிறேன். கைக்கும் முதுகுக்கும் ஏறும் அதிர்வு அதிலேயே பாதி போய்விடுகிறது. நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாகக் கொஞ்சம் விட வேண்டும். இந்த டயர்களின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு நம்மூர் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. பித்தளையில் சின்ன அடாப்டர் கிடைக்கும், அதை வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள்.

பழசைத் தேற்ற முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பாதை பெரும்பாலும் கால்வாய்க் கரையும் மாந்தோப்பு மண்ரோடும்தான் என்றால் அதுவே போதும். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் 100 மில்லிமீட்டர் நீள ஸ்டெம்மைக் கழற்றி 60-இல் ஒன்று, 620 மில்லிமீட்டர் ஹேண்டில் பாருக்குப் பதில் 720 வாக்கில் ஒன்று. முதுகு நிமிரும், கழுத்து வலி குறையும், முன்சக்கரம் கைக்குள் அடங்கும். பழைய ஹேண்டில் பாரின் நடுத்தடிமன் 25.4 ஆகவும் இருக்கலாம், 31.8 ஆகவும் இருக்கலாம், ஸ்டெம்மையும் பாரையும் ஜோடியாக வாங்குவது நல்லது. ஊசி முனை வைத்த அகலப் பெடல், கொஞ்சம் அகல டயர், புது பிரேக் கட்டை. பழைய சீட் குழாய்க்கும் 27.2 மில்லிமீட்டரில் டிராப்பர் வருகிறது.

தேற்ற முடியாதது ஃபிரேமின் சாய்வு. டிஸ்க் பிரேக் மாட்டும் காது இல்லாத ஃபிரேமில் டிஸ்க் வைக்க முடியாது. மேலும் கீழும் ஒரே தடிமனாக இருக்கும் பழைய தலைக் குழாயில், அடி பருத்துக் கூம்பாக வரும் இன்றைய ஃபோர்க் தண்டு நுழையாது. ஆகவே சரளை இறக்கம், பாறைப் படி, ஓடைக் கரை எல்லாம் வேண்டும் என்றால் பழசில் ஃபோர்க் வரைக்கும் காசைக் கொட்டாதீர்கள். ஸ்டெம், பார், பெடல் மூன்றோடு நிறுத்திக்கொண்டு மீதியைப் புதுசுக்குச் சேருங்கள்.

எந்த வகை?

பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் மனசு போய்விடும், சோபா மாதிரி இருக்கும். ஆனால் அதன் மூட்டுகளில் உள்ள பேரிங்குகளை நம் செம்மண் புழுதி தின்றுவிடும், பின் ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்ய பெங்களூருக்குத்தான் போக வேண்டும். கீழ்முதுகில் டிஸ்க் பிரச்னை உள்ளவர்கள் சஸ்பென்ஷன் 120, 130 மில்லிமீட்டர் இறங்கும் ஒன்றைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு முன்னால் மட்டும் ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயிலும் அகல டயரும் போதும் என்பது என் கட்சி. அந்த ஃபோர்க் ஏர் ஃபோர்க்காக இருக்கட்டும். விலை மலிவான வண்டிகளில் வரும் இரும்புச் சுருள் ஃபோர்க்குகள் நம் 60 கிலோ உடம்புக்கு அசைவதே இல்லை. ஏர் ஃபோர்க்கில் எடைக்குத் தகுந்தபடி காற்றைக் குறைக்கலாம். வண்டியில் ஏறி நின்றால் ஃபோர்க் தான் இறங்கக்கூடிய மொத்த நீளத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்க வேண்டும். அதற்கான சின்னப் பம்பையும் சேர்த்து வாங்குங்கள்.

மோட்டார் துணையோடு ஓடும் மலைச் சைக்கிள் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். முழங்காலோ இதயமோ ஏற்றத்துக்கு ஒத்துழைக்காதவர்கள் கூச்சப்படாமல் வாங்கலாம். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். ஆனால் எடை 20 கிலோவைத் தாண்டும். வரப்பு ஏற, வேலியைத் தாண்ட, காரில் ஏற்ற அதைத் தூக்க வேண்டியது நீங்கள்தான். பேட்டரி தீர்ந்துவிட்டால் வத்தல்மலை வளைவில் அதைத் தள்ளுவதை ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்கள். வீட்டுப் படியில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது உத்தமம்.

கடையில்

தருமபுரி, கிருஷ்ணகிரியில் ரோட்டு வண்டியும் பிள்ளைகள் வண்டியும் நிறையக் கிடைக்கும். நாம் சொல்லும் ரகத்துக்கு பெங்களூரு போவதுதான் சரி, காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். போவதற்கு முன் ஓட்டிப் பார்க்க விடுவார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கடை வாசலில் ஒரு வட்டம் சுற்றுவதில் எதுவும் தெரியாது. சரிவான இடமாகப் பார்த்து அங்கே நின்று ஏறுங்கள், இறங்குங்கள், பாதியில் நிறுத்திக் காலை ஊன்றுங்கள். நடைபாதைப் படியில் மெல்ல இறக்குங்கள். அப்புறம் வண்டியை விட்டு இறங்கி நூறடி தள்ளிக்கொண்டு நடங்கள். பெடல் கெண்டைக்காலில் இடிக்கிறதா, ஹேண்டில் பார் கைக்கு வாகாக இருக்கிறதா என்று பாருங்கள், நாம் தள்ளத்தானே போகிறோம். உயரம் இரண்டு ஃபிரேம் அளவுக்கு நடுவில் வந்தால் நான் சிறியதையே எடுப்பேன்.

பெங்களூரில் பழைய வண்டியும் நல்ல விலைக்கு வரும். ஆசைக்கு வாங்கி மாடியில் நிறுத்தி வைத்தவர்கள் விற்பார்கள். ஃபோர்க்கின் பளபளப்பான தண்டில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஃபிரேமின் வெல்டிங் ஓரங்களில் மயிர்க்கோடு தெரிந்தால் வேண்டாம். கார்பன் ஃபிரேமைப் பழசாக வாங்காதீர்கள், உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது. பில் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம்.

கொண்டுவந்த பிறகு

பழைய பழக்கம் ஒன்றை மறக்க வேண்டும். பழைய வண்டியில் செங்குத்து இறக்கம் வந்தால் சீட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு இறங்குவோம். சாய்ந்த ஃபோர்க் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் முன்சக்கரத்தில் பாரம் இல்லாமல் போய், பாறைமேல் கிடக்கும் சரளையில் வழுக்கிவிடும். சீட்டை இறக்கி, குதிகாலைத் தாழ்த்தி, முழங்கையை வெளியே விரித்து, உடம்பை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வையுங்கள். பிரேக்கை இறக்கத்துக்கு முன்னாடியே பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், நடுவில் திடீரென்று பிடிக்காதீர்கள். இதை ஏரிக்கரைச் சரிவில், ஆள் இல்லாத காலை நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் பாதைகள் ஆசை காட்டும். அங்கே காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2014-இல் அறிவித்த காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் அந்தப் பக்கம்தான். ராகி முற்றும் குளிர்காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கிவரும், ஊரோரப் பாதையில்கூட விடியலிலும் அந்தியிலும் போகாதீர்கள். சத்தமே இல்லாமல் வரும் சைக்கிளை யானைக்கு முன்கூட்டித் தெரியாது.

முதல் மாதம் முடிந்ததும் போக்ஸ் கம்பிகளையும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள், புது வண்டியில் அவை தளரும். டிராப்பர் தண்டையும் ஃபோர்க் தண்டையும் ஓட்டிவிட்டு வந்த கையோடு ஈரத்துணியால் துடையுங்கள், பிரஷர் வாட்டர் அடிக்க வேண்டாம். ஃபோர்க்கின் கீழ்க்குழாய் ஆயிலை மாற்றுவதற்குக் கம்பெனி போட்டிருக்கும் மணிக் கணக்கைப் பாருங்கள். ராக்‌ஷாக்ஸ் என்றால் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை.

பழைய சைக்கிளை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள், தருகிற விலை இரண்டு டயருக்குக்கூட வராது. வழுவழு டயர் மாட்டி, கேரியரும் மட்கார்டும் வைத்து, உழவர் சந்தைக்குப் போய்வர வைத்துக்கொள்ளுங்கள்.